நாலும் நாலில் ஒன்றும்

ஜூன் 12

தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் தள்ளிவிடாதே. ஞாயிறுதோறும் நான் அம்மாவோடு பேசும்போது நீ கடைக்குக் கிளம்பிவிடுகிறாய் என்று தெரியும். போனில் பிடிக்க முடியாததால்தான் எழுதுகிறேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது. இனியும் தள்ள முடியாதபடி ஒன்று நடந்திருக்கிறது.

இங்கே பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன் அல்லவா? கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “நீங்க பட்டியலெல்லாம் பிசகில்லாம போடுறீங்க. ஆறாம் வகுப்புக் கணக்க மூணு மாசம் பாத்துக்கோங்களேன்” என்றார். கணக்கில் பிசகித்தான் நர்ஸ் உடுப்பைக் கழற்றினேன் என்பது அவருக்குத் தெரியாது. சிரிப்புத்தான் வந்தது. மறுக்க வாய் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமைப் பாடம் எண்களின் நேர்மாறு. தரையில் கோடு போட்டு, நடுவில் பூஜ்யம் எழுதி, ஒரு பெண்ணை ஏழு கட்டம் முன்னால் நடக்கவைத்தேன். பிறகு ஏழு கட்டம் பின்னால். “இப்ப எங்க நிக்கிற?” என்றேன். “கிளம்பின எடத்துலயே, டீச்சர்.” ஏழுக்குக் கூட்டல் நேர்மாறு மைனஸ் ஏழு, கூட்டினால் பூஜ்யம். அதுவரை ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, பெருக்கல் நேர்மாறு. பலகையில் நாலு எழுதினேன். பக்கத்தில் நாலில் ஒன்று எழுதினேன். இரண்டையும் பெருக்கினால் ஒன்று என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான்.

பகல் பதினோரு மணி, தம்பி. ஜன்னலில் நல்ல வெயில். புறங்கையில் அதே பிளாஸ்திரி. நான் ஒட்டியது.

ஆஸ்பத்திரி விசாரணையில் ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டைத் தவிர என்னை ஒன்றும் பேசவிடவில்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள். காய்ச்சல் பரவிய அந்த வாரம் வார்டில் தரையில் கூடப் படுக்கை. நான் ஒரே மூச்சில் பதினெட்டு மணி நேரம் நின்றிருந்தேன். ஜன்னலோரப் படுக்கையில் ஆறு வயதுப் பையன். டாக்டர் எழுதியது இருபது அலகு மருந்து. மருந்தகத்தில் நீ கலந்து அனுப்பும் புட்டியில் ஒரு மில்லிக்கு நாலு அலகு. ஆகவே இருபதை நாலால் வகுத்து ஐந்து மில்லி ஏற்றியிருக்க வேண்டும். நான் வகுக்கவில்லை. தாளில் இருபது என்று கண்ணில் பட்டது, இருபது மில்லி எடுத்தேன், குழாயில் ஏற்றினேன். நாலு மடங்கு. “இருபது வரைக்கும் எண்ணு, முடிஞ்சிடும்” என்று அவனிடம் சொன்னேன். சத்தமாக எண்ணினான். நடுவில் நிறுத்தி, “பதிமூணுக்கு அப்புறம் என்ன சிஸ்டர்?” என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் அவன் இதயம் நின்றுவிட்டது.

வகுப்பில் பிள்ளைகள் எண்ணும்போது பதிமூன்று வந்தால் என் காது அடைத்துக்கொள்கிறது. அவன் கேள்வி மட்டும் கேட்கிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். விசாரணையில் “புட்டியை எப்படிக் கலந்தீர்கள்?” என்று உன்னைக் கேட்டார்கள். “சரியாத்தான் கலந்தேன்” என்றாய். அந்தக் குரல் உன் குரலாக இல்லை. ஏன்?

அக்கா

ஜூன் 24

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் அப்படியே. உன் பழைய அறையில் இப்போது துணி காயப்போடுகிறோம். மழை பெய்தால் சுவர் ஓதம் ஏறுகிறது, ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.

குரல் பற்றிக் கேட்டாய். அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

நீ நல்ல டாக்டராகப் பார். தூக்கம் கெட்டால் கண்ணுக்கு எதெதுவோ தெரியும், நர்ஸாக இருந்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்த வகுப்பை வேறு யார் தலையிலாவது கட்டிவிடு.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பழையபடிதான். மருந்து கொடுக்கும் ஜன்னலின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் வந்து புதிதாகப் போட்டுக் கொடுத்தார். இப்போது வெளியே நிற்கிறவர்கள் முகம் நன்றாகவே தெரிகிறது.

நடந்தது நடந்துபோயிற்று. கிளறாதே.

தம்பி

ஜூலை 3

தம்பிக்கு,

தொண்டை கட்டியிருந்ததாம்! அந்த வாரம் முழுக்க உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவளிடம் இதைச் சொல்கிறாய். விசாரணைக்குப் போகும் வழியெல்லாம் பஸ் கண்டக்டரோடு சில்லறைச் சண்டை போட்டுக்கொண்டு வந்தாய். கணீரென்று இருந்தது குரல். பொய் சொல்லும்போதாவது கொஞ்சம் மெனக்கெடு.

வகுப்பை நான் விடவில்லை. விட முடியவில்லை என்பதுதான் உண்மை. அவன் இப்போது இரண்டு பெஞ்ச் முன்னால் வந்துவிட்டான். ஒன்றும் செய்வதில்லை. பலகையைப் பார்க்கிறான். நேற்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள், “டீச்சர், தெரியாம நாலால பெருக்கிட்டா என்ன பண்றது?” “நாலில் ஒண்ணால பெருக்கு, பழைய எண் வந்துடும்” என்றேன். “அவ்வளவுதானா? அழிக்க வேணாமா?” என்று கேட்டாள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். அழிக்க வேண்டாம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு என்ன அருகதை?

ஆறு வருஷமாக நான் செய்தது கூட்டல் கணக்கு. ஒரு பிள்ளை போய்விட்டான், அதற்கு ஈடாக நானும் போய்விட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வேலையை விட்டேன், வீட்டை விட்டேன், நிச்சயம் ஆகவிருந்த கல்யாணத்தை விட்டேன். போன வாரம்தான், அதுவும் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. மைனஸ் ஒன்றோடு மைனஸ் ஒன்றைச் சேர்த்தால் பூஜ்யம் வராது. மைனஸ் இரண்டுதான் வரும்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். அன்றைக்கு நடந்தது எனக்கு முழுசாகத் தெரிய வேண்டும். இரவல் குரலில் பேசினாயே, அதற்குப் பின்னால் என்ன இருந்தது? எழுதாவிட்டால் அடுத்த பஸ்ஸில் வந்து, அந்த மருந்து ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்பேன்.

அக்கா

ஜூலை 19

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அந்த மருந்துப் பொடி அதுவரைக்கும் பெரிய பொட்டலமாக வரும், உனக்கு நினைவிருக்கும். ஒரு புட்டித் தண்ணீருக்கு ஒரு பொட்டலம். அந்த வாரம் புதுச் சரக்கு வந்தது. சின்னப் பொட்டலம். ஒரு புட்டிக்கு நாலு போட வேண்டும் என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தது. காலையில் நாலு பொட்டலத்தை எண்ணித் தட்டில் எடுத்து வைத்தேன். வார்டிலிருந்து, “மருந்து எங்கே? மருந்து எங்கே?” என்று ஆள்மேல் ஆள். பழைய பழக்கத்தில் கை தானாக ஒரு பொட்டலத்தைப் பிரித்தது, கொட்டியது, குலுக்கியது, ஒட்டுத்தாள் ஒட்டியது. ‘ஒரு மில்லிக்கு நாலு அலகு’ என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேசையைத் துடைக்கும்போது தட்டில் மூன்று பொட்டலம் இருந்தது.

மறுபடி எண்ணினேன், மூன்றுதான். அதற்குள் ஜன்னலோரப் பையன் இறந்துவிட்டான், வார்டே அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. மருந்து போதாமல்தான் அவன் செத்தான், என் புட்டிதான் கொன்றது என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். வார்டிலிருந்து புட்டியை எடுத்து வந்து மீதி மருந்தைத் தொட்டியில் ஊற்றினேன். புட்டியை வெந்நீர் விட்டுக் கழுவினேன். இரண்டு தடவை. அந்த மூன்று பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போதும் அலமாரியின் மேல்தட்டில், பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. எறிய முடியவில்லை. பலதடவை குப்பைத்தொட்டி வரை கொண்டுபோயிருக்கிறேன்.

நீ கேட்டாய், எழுதிவிட்டேன். இதற்குமேல் கேட்காதே.

தம்பி

ஜூலை 26

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று படித்தேன். பிறகு வகுப்புக்குள் போய், பிள்ளைகளை வேறு கணக்குப் போடச் சொல்லிவிட்டு, பலகையின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். ஒரு பொட்டலம்தான் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் ஒரு மில்லிக்கு நாலு அலகு இல்லை, ஒரே ஒரு அலகு. நான் ஏற்றியது இருபது மில்லி. இருபது அலகு.

டாக்டர் எழுதியது இருபது அலகு.

இன்னொரு தடவை எழுதினேன். நான் நாலால் வகுக்க மறந்தேன். நீ நாலால் பெருக்க மறந்தாய். ஒன்றை ஒன்று அடித்துவிட்டது. அவன் உடம்புக்குள் போனது, போக வேண்டிய அளவு மருந்து. ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரியான மருந்து ஏறியும் அந்தப் பிள்ளை இறந்துபோனான். காய்ச்சல் அதற்கு முன்பே அவன் இதயத்தைத் தின்றுவிட்டிருக்கிறது.

பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். பெஞ்சில் யாரும் இல்லை. மறுநாளும் இல்லை. அவனுக்காக முதல் தடவையாக அழுதேன். இத்தனை நாள் எனக்காகத்தான் அழுதிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு உன்னை நினைத்தேன். டேய், விசாரணையில் என் தாளை எடுத்து, ‘இருபது மில்லி’ என்று உரக்கப் படித்தார்களே, அப்போது நீ அந்த அறையில் இருந்தாய். நாளெல்லாம் அளந்து கொடுக்கிறவன் நீ. இந்தக் கணக்கைப் போட உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் எழுந்து வாசலைத் தாண்டுவதற்குள் போட்டிருப்பாய். அக்கா அந்தப் பிள்ளையைக் கொல்லவில்லை என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நீ. தெரிந்தும் ஆறு வருஷம் என்னைக் கொலைகாரியாக நடமாடவிட்டாய். “உன் துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்கேன்” என்று அம்மா போனில் சொல்லும்போது பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாயா?

பயம் என்று சொல்லாதே. பயம் ஒரு நாளைக்குத் தாங்கும். ஒரு மாசத்துக்குத் தாங்கும். ஆறு வருஷம் தாங்குகிற பயத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். யோசித்தேன். பையனுக்கு நான் எடுத்தது இருபது மில்லிதான். புட்டி பெரியது. மூன்று மணிக்கு முன்னால் அது வேறு யாருக்குப் போனது?

அக்கா

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

ஒன்பதாம் படுக்கை.

எட்டு வயதுப் பெண். அவளுக்கும் இருபது அலகு. பகல் பன்னிரண்டு மணிக்கு வேறொரு சிஸ்டர் ஏற்றினார். அவர் கணக்கில் பிழையே இல்லை. இருபதை நாலால் வகுத்து ஐந்து மில்லி எடுத்தார். நான் எழுதிய ஒட்டுத்தாளை நம்பினார். குழந்தைக்குப் போனது ஐந்து அலகு. பதினைந்து குறைவு.

அன்றைக்குச் சாயங்காலமே உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் உனக்குத் தெரியாது. மறுநாள் நான் சரியாக நாலு பொட்டலம் போட்டுக் கலந்து அனுப்பினேன். ஒவ்வொரு மணி நேரமும் வார்டுக்கு ஓடிப்போய் அவளைப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். “மொத நாளே மருந்து பிடிச்சிருக்கணும். ஏன் பிடிக்கலன்னு புரியல” என்று டாக்டர் சொன்னார். என் பக்கம் பார்த்துத்தான் சொன்னார்.

நீ முதல் கடிதத்தில் எழுதினாயே, ஏழு கட்டம் முன்னால், ஏழு கட்டம் பின்னால் என்று. அதைப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குத் தட்டைப் பார்த்தேன் அல்லவா? அப்போது அவள் உயிரோடு இருந்தாள். பதினைந்து குறைகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதினைந்து ஏற்றியிருப்பார்கள். கூட்டினால் சரியாகிவிடுகிற கணக்கு. அவ்வளவு லேசான கணக்கு. நான் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

உன் கணக்கை வெளியே சொன்னால் புட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புட்டியைச் சொன்னால் அவளைச் சொல்ல வேண்டும். அதனால் உன்னை விட்டுவிட்டேன்.

அவளுடைய அப்பாதான் கண்ணாடிக் கடைக்காரர். ரத்த அழுத்த மாத்திரைக்காக மாதம் ஒரு தடவை ஜன்னலுக்கு வருவார். வரும்போதெல்லாம், “அன்னிக்கு என் பொண்ணுக்காக நீங்கதான் ஓடி ஓடிப் பாத்தீங்க. மறக்க மாட்டேன்” என்பார். அந்த ஜன்னல் கண்ணாடியைக் கூட நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் கூலி வாங்காமல் போட்டார். உனக்கு அந்தப் பையன் கண்ணில் தெரிகிறான் என்று எழுதினாய். எனக்கு அவள் தெரிவதில்லை. ஒரு நாள்கூடத் தெரிந்ததில்லை. இவர் தெரிகிறார். தேதி தவறாமல் வருகிறார். முகத்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சிரிக்கிறார்.

தம்பி

ஆகஸ்ட் 15

தம்பிக்கு,

திட்டுவதற்கு உட்கார்ந்தேன். வரவில்லை.

வகுப்பில் ஒரு பையன் கேட்டான், “எல்லா எண்ணுக்கும் பெருக்கல் நேர்மாறு உண்டா டீச்சர்?” ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் உண்டு என்றேன். பூஜ்யத்துக்குக் கிடையாது. எதனால் பெருக்கினாலும் அது பூஜ்யமாகவே இருக்கும், ஒன்றாகாது. “பாவம்” என்றான் அவன். வகுப்பே சிரித்தது.

ஒன்பதாம் படுக்கைக்கு நீ செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. உன்னைத் தேற்ற நானும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த மனிதர் இன்னும் ஜன்னலுக்கு வந்துகொண்டிருக்கிறார், உயிரோடு. அவருக்கு உண்மை போய்ச் சேர வேண்டும். உன் வாயால் போக வேண்டும். அடுத்த மாத்திரைக்கு அவர் வருவதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன். மிரட்டல்தான். அப்படியே எடுத்துக்கொள்.

சொல்லிவிட்டு எழுது. எதையும் பூசி மெழுகாமல் எழுது.

அக்கா

செப்டம்பர் 2

அக்காவுக்கு,

நேற்று மத்தியானம் கடைக்குப் போனேன்.

அலமாரிக் கதவுக்காக ஒரு முகக்கண்ணாடியை மேசையில் கிடத்தி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்க வாங்க. ஒரு நிமிஷம் இருங்க, கோடு போட்டுட்டேன், ஒடைச்சாத்தான் ஆச்சு” என்றார். அடியில் ஒரு குச்சியை வைத்து இரண்டு பக்கமும் கையால் அழுத்தினார். ஒரே சத்தம், கோட்டின் மேலேயே பிளந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். பொட்டலம், புட்டி, ஐந்து மில்லி, மூன்று மணி, தொட்டி, எல்லாம். உன்னைப் பற்றியும் சொன்னேன். அவர் கையில் இருந்த கண்ணாடி வெட்டும் உளியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். முடித்ததும் கேட்டார்.

“மூணு மணிக்கா?”

“ஆமாங்க.”

“மூணு மணிக்கு நான் அவ பக்கத்துலதான் இருந்தேன். எந்திரிச்சு உக்காந்து பேசினா. புதுச் செருப்பு கடிக்குது, வேற வாங்கணும்னு சொன்னா.”

கடை வாசலில் ஒரு பெண்மணி வந்து ஏதோ அளவு கேட்டார். “அப்புறம் வாங்கம்மா” என்று அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு எத்தன தடவ நன்றி சொல்லியிருப்பேன்?”

“மாசம் ஒரு தடவ.”

“ஆறு வருஷம். எழுபது, எழுபத்திரெண்டு தடவ இருக்குமா?”

“இருக்கும்.”

“அதெல்லாம் திருப்பிக் குடுங்க.”

“எப்படிங்க?” என்று கேட்டுவிட்டேன். அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

“எப்படின்னு எனக்குத் தெரியல. ஆனா எனக்கு அது திரும்பி வேணும்” என்றார். குரல் உயரவேயில்லை. பிறகு, “வெளிய போங்க” என்றார். போனேன். பின்னால் கதவுத்தகடு இறங்கும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில் கடையை மூடிவிட்டார்.

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் போனேன். மூன்று பொட்டலத்தையும் அவர் மேசையில் வைத்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று அவர் விரல் வைத்து எண்ணினார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போலீசுக்கும் போகும் என்றார். போகட்டும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சீக்கிரம் வீட்டுக்கு வந்ததைப் பார்த்து, “உடம்பு சரியில்லயா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தம்பி

நவம்பர் 21

தம்பிக்கு,

செவிலியர் குழுவின் தாள் வந்துவிட்டது. என் மேலிருந்த குற்றத்தை விலக்கிக்கொள்கிறார்களாம். அளவு தவறாக எடுத்தது மட்டும் கவனக்குறைவு என்று ஒரு வரியில் நிற்கிறது. நிற்க வேண்டியதுதான், அதை நான் மறுக்கவில்லை. மறுபடி பதிவு செய்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்கள். செய்வேனா என்று தெரியவில்லை. ஊசியைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உன் வழக்கு தை மாதத்துக்கு மேல்தான் வரும் என்று வக்கீல் சொன்னதாக அம்மா சொன்னாள். அம்மா உன்னோடு மறுபடி பேசத் தொடங்கிவிட்டாள் என்பதும் அதிலிருந்துதான் தெரிந்தது. நான் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. எழுத மட்டும் முடிகிறது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரப் பையனுடைய அம்மாவைப் பார்க்கப் போனேன். இதைத்தான் உனக்குச் சொல்ல உட்கார்ந்தேன்.

மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். துணி இஸ்திரி போடும் கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார், நான் பயந்துதான் போனேன். ஆனால் உள்ளே வரச் சொன்னார். மடித்த சட்டைகளின் நடுவே ஒரு முக்காலி. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கை அவருக்குப் புரியும்படி சொல்வதற்கு அங்கே கிடந்த சட்டைப் பொத்தான்களை எடுத்து அடுக்கிக் காட்டினேன். தலையசைத்துக்கொண்டே கேட்டார். அவர் நிம்மதி அடைவார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன், தம்பி. எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

“அப்போ மருந்து சரியாத்தான் போச்சா?” என்றார்.

“ஆமாங்க.”

“யாரும் தப்புப் பண்ணல?”

“தப்பு நடந்துச்சு. ஆனா அவன் போனது அதனால இல்ல.”

ஒரு சட்டையை எடுத்து விரித்தார், காலரைத் தடவினார், மடித்தார், மறுபடி விரித்தார்.

“ஆறு வருஷமா காலைல எந்திரிச்சதும் மொத வேலயா உன்னத்தான் திட்டுவேன். சாமி கும்புடுறதுகூட அப்புறம்தான். திட்டினாத்தான் எனக்கு அடுப்பு பத்த வைக்கவே தெம்பு வரும். இப்ப வந்து நீ இல்லங்கற. நான் யாரத் திட்டுவேன், சொல்லு? அவனையா?”

வழியெல்லாம் எடுத்துச் சென்ற தாள் மடியில் கிடந்தது, அதை அவரிடம் காட்டவே தோன்றவில்லை.

கிளம்பும்போது சொன்னேன், “பழக்கம் விடுற வரைக்கும் என்னையே திட்டுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“முயற்சி பண்ணிப் பாக்குறேன்” என்றார். “வரும்னு தோணல.”

அக்கா